செல்போன் கதிர்வீச்சு பிள்ளைகளின் ஹார்மோனைக் கெடுக்குமா?

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றுகிற செய்தி ஒன்று உண்டு. செல்போன் கதிர்வீச்சு பிள்ளைகளின் ஹார்மோனைக் குலைக்கிறது, அதனால்தான் பெண் குழந்தைகள் எட்டு ஒன்பது வயதிலேயே வயதுக்கு வந்துவிடுகிறார்கள் என்று அது போகும். கூடவே ஒரு தீர்வும் இருக்கும்: இரவில் வைஃபையை அணையுங்கள், போனுக்குப் பின்னால் இந்த ஸ்டிக்கரை ஒட்டுங்கள், தெருவில் டவர் வைக்க விடாதீர்கள். இன்னொரு பக்கம், இதெல்லாம் புரளி, போனால் ஒன்றும் ஆகாது என்று ஒரே போடாகப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இரு தரப்பும் செய்கிற தவறு ஒன்றுதான். போனிலிருந்து வருகிற எல்லாவற்றையும் ‘கதிர்வீச்சு’ என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் அதில் மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பிள்ளைகளின் ஹார்மோனை நிச்சயமாகத் தொடுகிறது. ஆனால் அது வருவது ஆண்டெனாவிலிருந்து இல்லை, திரையிலிருந்து. இதைத் தெரிந்துகொள்ளாததால் பெற்றோரின் கவலையும் காசும் தவறான இடத்துக்குப் போகின்றன. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

போனைச் சுற்றி இருக்கும் மூன்று விஷயங்கள்

மின்சாரம் ஓடும் எந்த இடத்தைச் சுற்றிலும் மின்விசையும் காந்தவிசையும் பரவியிருக்கும். அப்படிப் பரவியிருக்கும் இடத்தைத்தான் மின்காந்தப் புலம் என்கிறோம். அந்தப் புலம் ஏறி இறங்கி, அலையாக விலகிப் போனால் அது மின்காந்த அலை. ஒரு வினாடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்ற கணக்கு அதிர்வெண். அதை ஹெர்ட்ஸ் என்ற அலகில் சொல்வார்கள்.

முதலாவது, வீட்டு மின்சாரம். நம் ஊரில் அது 50 ஹெர்ட்ஸ். சுவருக்குள் ஓடும் ஒயர், ஃபேன், சார்ஜர் எல்லாவற்றையும் சுற்றி இந்தப் புலம் இருக்கிறது. சில அடி தள்ளிப் போனாலே வெகுவாகக் குறைந்துவிடும்.

இரண்டாவது, ரேடியோ அலை. போனும் டவரும் வைஃபை ரூட்டரும் பேசிக்கொள்ளும் மொழி இதுதான். போன்கள் பெரும்பாலும் 70 கோடி ஹெர்ட்ஸ் முதல் சில நூறு கோடி ஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துகின்றன. வைஃபையில் நாம் அடிக்கடி கேள்விப்படும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது 240 கோடி ஹெர்ட்ஸ்.

மூன்றாவது, வெளிச்சம். இதைப் பட்டியலில் சேர்க்கப் பலருக்கும் தோன்றுவதே இல்லை. திரையிலிருந்து வரும் ஒளியும் மின்காந்த அலைதான். அதன் அதிர்வெண் 400 முதல் 750 லட்சம் கோடி ஹெர்ட்ஸ். அதற்கும் மேலே போனால் புற ஊதாக் கதிர், எக்ஸ்ரே, காமா கதிர் என்று வரிசை நீளும்.

கல்லும் பஞ்சும்

அதிர்வெண் ஏன் இவ்வளவு முக்கியம்? மின்காந்த அலை தன் ஆற்றலைச் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் கொண்டுவருகிறது. ஒரு பொட்டலத்துக்கு ஃபோட்டான் என்று பெயர். அதிர்வெண் கூடக் கூட ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலும் கூடும்.

உயரக் கிளையில் ஒரு மாங்காய் தொங்குகிறது என்று வையுங்கள். குறி பார்த்து ஒரு கல் எறிந்தால் காம்பு அறுந்து விழும். பஞ்சு உருண்டைகளை நாள் பூராவும் எறிந்தாலும் விழாது. எத்தனை உருண்டை எறிந்தோம் என்பதைப் பொறுத்து அது மாறப்போவதில்லை. எக்ஸ்ரேயின் ஃபோட்டான் கல் மாதிரி: ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எடுத்து, டி.என்.ஏ.வை உடைக்கும் வலு அதற்கு உண்டு. இதை அயனியாக்கும் கதிர்வீச்சு என்பார்கள். ரேடியோ அலையின் ஃபோட்டான் பஞ்சு. வைஃபை ஃபோட்டானை விடச் சாதாரண வெளிச்சத்தின் ஃபோட்டானுக்கே சுமார் இரண்டு லட்சம் மடங்கு ஆற்றல் அதிகம். எக்ஸ்ரே அதற்கும் வெகு தூரம் மேலே.

‘கதிர்வீச்சு’ என்றதும் ஹிரோஷிமாவும் செர்னோபிலும் நினைவுக்கு வருவதால் பயம் வருகிறது. அங்கே இருந்தது அயனியாக்கும் கதிர்வீச்சு. போனில் இருப்பது அந்த வகை கிடையாது.

அதற்காக, அயனியாக்காத அலை உடம்பில் எதையுமே செய்யாது என்றும் சொல்லக்கூடாது. அது செய்கிற காரியங்கள் வேறு. ரேடியோ அலை சூடாக்கும். வெளிச்சம் கண்ணுக்குள் இருக்கும் சில மூலக்கூறுகளின் வடிவத்தை மாற்றும். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

ரேடியோ அலை உடம்பில் என்ன செய்கிறது?

நம் உடம்பில் தண்ணீர்தான் அதிகம். ரேடியோ அலை உள்ளே நுழையும்போது தண்ணீர் மூலக்கூறுகளை அசைத்து ஆட்டுகிறது. அந்த அசைவு சூடாகிறது. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் இப்படித்தான். ஆனால் அந்த அடுப்பு ஒரு மூடிய பெட்டிக்குள் 700, 800 வாட்டைக் கொட்டுகிறது. 4ஜி போன் அதிகபட்சமாக அனுப்புவது சுமார் 0.2 வாட், வைஃபை ரூட்டர் சுமார் 0.1 வாட்.

உடம்பு எவ்வளவு ஆற்றலை உறிஞ்சுகிறது என்பதை அளக்க எஸ்.ஏ.ஆர். என்ற அளவை வைத்திருக்கிறார்கள். ஒரு கிலோ உடற்திசு எத்தனை வாட் உறிஞ்சுகிறது என்பதுதான் அது. விலங்குச் சோதனைகளில் முழு உடம்புக்கும் கிலோவுக்கு 4 வாட் என்ற அளவில் கொடுத்தபோது உடல் வெப்பம் சுமார் ஒரு டிகிரி ஏறி, அவற்றின் நடத்தையில் மாற்றம் தெரிந்தது. அதில் ஐம்பதில் ஒரு பங்கை, அதாவது கிலோவுக்கு 0.08 வாட்டை, பொதுமக்களுக்கான முழு உடல் வரம்பாகச் சர்வதேச வழிகாட்டி வைத்திருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் உடம்பு கிலோவுக்குச் சுமார் ஒரு வாட் வெப்பத்தைத் தானாக உண்டாக்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வரம்பின் அளவு புரியும்.

காதோடு ஒட்டிவைக்கும் போனுக்குத் தனி வரம்பு. இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் அது கிலோவுக்கு 1.6 வாட், ஒரு கிராம் திசுவின் சராசரியில் கணக்கிடப்படுகிறது. உங்கள் போனில் நட்சத்திரக் குறி, ஹேஷ், 07, ஹேஷ் என்று டயல் செய்து பாருங்கள். பெரும்பாலான போன்களில் தலைக்கு ஓர் எண், உடம்புக்கு ஓர் எண் என்று திரையில் வரும். போன் உச்ச சக்தியில் இயங்கும்போது எடுத்த அளவு அது. தினசரிப் பயன்பாட்டில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் ஓர் உண்மையான வேறுபாடு இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. அவர்களுடைய மண்டை ஓடு மெல்லியது, திசுக்களில் தண்ணீர் கூடுதல். காதில் போனை வைத்தால் குழந்தையின் மூளை பெரியவர்களின் மூளையைப் போல் சராசரியாக இரண்டு மடங்கு வரை ஆற்றலை உறிஞ்சலாம், மண்டை ஓட்டின் எலும்பு மஜ்ஜையில் அது இன்னும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் சொன்னது. பிள்ளைகளை நீண்ட நேரம் போனைக் காதில் வைத்துப் பேச விடாதீர்கள் என்ற அறிவுரைக்கு இது நியாயமான அடிப்படை. ஆனால் இன்றைய பதின்வயதுப் பிள்ளைகள் போனைக் காதில் வைப்பதே அபூர்வம். முகத்துக்கு முன்னால் ஓர் அடி தள்ளி வைத்துத்தான் பார்க்கிறார்கள். அந்த ஓர் அடியில் ரேடியோ அலையின் வலு மளமளவென்று குறைந்துவிடுகிறது.

தூரத்தில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. டவர் பக்கத்தில் இருந்தால் ஆபத்து, எட்டி இருந்தால் நல்லது என்று நினைக்கிறோம். போனோ, டவருக்குத் தன் குரல் கேட்கும் அளவுக்கு மட்டுமே சக்தியைச் செலவழிக்கும். சிக்னல் நன்றாக இருந்தால் மெதுவாகப் பேசும். ஒரே ஒரு கோடு சிக்னல் இருக்கும் இடத்தில், லிஃப்டில், ஓடும் ரயிலில், உச்சக் குரலில் கத்தும். டவரின் அலை ஊரெல்லாம் பரவி நீர்த்துப்போகிறது, போன் இருப்பதோ நம் கையில். அதனால் ஒருவரின் தலை பெறும் ரேடியோ அலையில் பெரும் பங்கு அவரது சொந்தப் போனிலிருந்தே வருகிறது. தெருவில் டவரே கூடாது என்று மனுக் கொடுத்து வெற்றி பெற்ற தெருவில் போன்கள் கூடுதல் சக்தியில் இயங்கும். ஸ்டிக்கரின் கதையும் இதேதான். அது உண்மையிலேயே அலையை மறைத்தால், போன் அதை ஈடுகட்டச் சக்தியைக் கூட்டும். மறைக்கவில்லை என்றால், அதை வாங்கியதில் பயன் ஏதும் இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போனின் ரேடியோ அலைக்கு டி.என்.ஏ.வை உடைக்கும் வலு இல்லை. நிச்சயமாகத் தெரிந்த ஒரே விளைவு சூடு. அந்தச் சூடும் வரம்புக்குள் மிகச் சிறியது. குழந்தைகள் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சுகிறார்கள் என்பதும் உண்மை.

ஹார்மோன் எப்படி வேலை செய்கிறது?

ஹார்மோன் என்பது ஒரு சுரப்பி ரத்தத்தில் விடும் ரசாயனத் தூது. தூது போகும் இடம் உடம்பின் இன்னொரு மூலையாக இருக்கலாம். தைராய்டு, அட்ரினல், சினைப்பை, விதைப்பை என்று சுரப்பிகள் பல. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மேலே இரண்டு அதிகாரிகள் இருக்கிறார்கள். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ், அதற்குக் கீழே பட்டாணி அளவில் பிட்யூட்டரி. ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்லும், பிட்யூட்டரி மற்ற சுரப்பிகளுக்குச் சொல்லும்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, ஹார்மோன்களின் அளவு நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது என்பதை. விழிப்பையும் மன அழுத்தத்தையும் சமாளிக்கும் கார்ட்டிசால் காலையில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வரும். இரவு வந்ததை உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் அதற்கு நேர் எதிர். வளர்ச்சி ஹார்மோன் துடிப்புத் துடிப்பாக வரும். எந்த மணிக்கு ரத்தம் எடுத்தோம் என்பதைப் பொறுத்தே எண் மாறிப்போகும். அடுத்த பகுதிக்கு இது தேவைப்படும்.

அலைக்கும் ஹார்மோனுக்கும் தொடர்பு தேடியவர்கள்

இந்தச் சந்தேகம் வாட்ஸ்அப்பில் பிறந்ததில்லை. விஞ்ஞானிகளே எழுப்பியதுதான். 1987இல் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கருதுகோளை வைத்தார். மின்சாரப் பயன்பாடு பரவிய நாடுகளில் மார்பகப் புற்றுநோய் அதிகமாக இருக்கிறது. மின்சாரம் இரண்டைக் கொண்டுவருகிறது: இரவில் வெளிச்சம், ஒயரைச் சுற்றிப் புலம். இந்த இரண்டில் ஒன்றோ, இரண்டுமோ மெலடோனினைக் குறைத்து, அதன் வழியாக அந்தப் புற்றுநோயைக் கூட்டுகின்றனவா? நல்ல கேள்வி. சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வியும்கூட.

1990களில் கான்சஸ் சிட்டியில் சார்லஸ் கிரகாமின் குழு சோதித்தது. தன்னார்வலர்களான இளைஞர்களை இரவு முழுக்கக் காந்தப் புலத்தில் தூங்கவைத்து, விட்டு விட்டு ரத்தம் எடுத்தார்கள். சாதாரண வீட்டில் இருப்பதைப் போல் நூறு மடங்குக்கும் மேல் வலுவான புலம் அது. மெலடோனின் குறையவில்லை. முதல் சோதனையில், இயல்பாகவே மெலடோனின் குறைவாக உள்ள சிலருக்கு மட்டும் சரிவு தெரிவதுபோல் இருந்தது. விடாமல் இன்னொரு முறை செய்து பார்த்தபோது அதுவும் காணாமல் போனது. ஒரு முடிவை நம்புவதற்கு முன் அதைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. ஸ்டீவன்ஸின் கேள்வியில் ‘புலம்’ என்ற பாதி வலுவிழந்தது. ‘வெளிச்சம்’ என்ற பாதி ஒவ்வொரு சோதனையிலும் வலுப்பெற்றது.

ரேடியோ அலையின் கதை இவ்வளவு நேராக இல்லை. எலிகளில் செய்த சில சோதனைகளில் தைராய்டு ஹார்மோனும் டெஸ்டோஸ்டிரோனும் மாறியதாக வந்தது, சிலவற்றில் மாற்றமே இல்லை. பல சோதனைகளில் எலியின் கூண்டருகே ஒரு செல்போனை வைத்து ஒலிக்க விட்டிருக்கிறார்கள். அதில் எலி எவ்வளவு அலையை உறிஞ்சியது என்பதற்குக் கணக்கே கிடையாது. ஒலியும் அதிர்வும் கொடுத்த மன அழுத்தத்தால் ஹார்மோன் மாறியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

மனிதர்களில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2012இல் வெளியான எகிப்து ஆய்வு. ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்து, போன் அதிகம் பேசுகிறவர்களுக்கும் டவர் அருகில் வசிப்பவர்களுக்கும் கார்ட்டிசாலும் தைராய்டு ஹார்மோன்களும் குறைந்தன என்றது. பதின்வயதினரும் அதில் இருந்தார்கள். கேட்டால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டவரிலிருந்து வீடு எத்தனை மீட்டர் என்பதை வைத்து உடம்பு பெற்ற அலையைக் கணிக்க முடியாது. டவரின் ஆண்டெனா பக்கவாட்டில்தான் அதிகம் வீசும், நேர் கீழே குறைவு. அதோடு, டவருக்குப் பக்கத்து வீட்டில் போன் மெதுவாகப் பேசும். போன் அதிகம் பேசுகிறவர் எப்போது தூங்குகிறார், எவ்வளவு தூங்குகிறார் என்பதும் கார்ட்டிசாலை மாற்றும். இதையெல்லாம் பிரித்தெடுக்காமல் பழியை அலைமேல் போட முடியாது.

புற்றுநோயைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்த இடத்தில் எல்லோரும் அதைக் கேட்பார்கள். முன்னால் சொன்ன புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் ரேடியோ அலையை ‘புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. சந்தேகத்தை முழுதாக விலக்க முடியவில்லை என்பதே அதன் பொருள். அதே பிரிவில் சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறும் இருக்கிறது. பிறகு 10 முதல் 24 வயது வரையானவர்களை இந்தியா உட்பட 14 நாடுகளில் ஆராய்ந்த மோபி-கிட்ஸ் ஆய்வும், உலக சுகாதார நிறுவனம் கேட்டு 2024இல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வும் போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

கண் வழியாகப் போகும் செய்தி

இனி மூன்றாவது விஷயம். பிள்ளைகளின் ஹார்மோனைப் பற்றி உண்மையிலேயே பேச வேண்டிய இடம் இதுதான்.

மூளையின் நடுவில், அரிசியை விடச் சற்றே பெரிதாக, பீனியல் என்ற சுரப்பி இருக்கிறது. இருட்டியதும் அது மெலடோனினைச் சுரக்கிறது. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஆரோன் லெர்னர் இந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்தார். ‘ராத்திரி ஆகிவிட்டது’ என்று உடம்பு முழுக்கத் தகவல் சொல்வதுதான் மெலடோனினின் வேலை.

மண்டைக்குள் இருக்கும் பீனியலுக்கு இருட்டியது எப்படித் தெரியும்? கண் சொல்கிறது. நம் விழித்திரையில் பார்ப்பதற்கான செல்கள் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் கவனிக்கும் சில நரம்பு செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் மெலனாப்சின் என்ற நிறமி இருக்கிறது. நீல ஒளியின் ஃபோட்டான் பட்டதும் இந்த நிறமியின் வடிவம் மாறும். உடனே நரம்பு வழியாக ஹைப்போதலாமஸில் இருக்கும் உடல் கடிகாரத்துக்குச் செய்தி போகும். அங்கிருந்து பீனியலுக்கு ஆணை: இன்னும் பகல்தான், சுரக்காதே. விளக்கு அணைந்து நேரமான பிறகுதான் ஆணை மாறும்.

முன்னால் சொன்ன ஃபோட்டான் கணக்கு இங்கேதான் கைகொடுக்கிறது. வெளிச்சத்தைப் பிடித்து ஹார்மோனுக்குத் தகவல் அனுப்ப என்றே உடம்பு ஒரு மூலக்கூறை வைத்திருக்கிறது. ரேடியோ அலையைப் பிடிக்க மனித உடம்பில் அப்படி ஒன்று கண்டுபிடிக்கப்படவில்லை. வெளிச்சத்துக்குப் பாதை தெரியும், ஒவ்வொரு படியும் தெரியும், மனிதர்களில் அளந்தும் பார்த்தாகிவிட்டது.

அளந்தபோது பிள்ளைகள் பெரியவர்களைப் போல இல்லை என்றும் தெரிந்தது. ஜப்பானில் 2014இல் வெளியான ஆய்வில், ஒரே விளக்கின் கீழ் பெரியவர்களை விடத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் மெலடோனின் ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாகக் குறைந்தது. காரணம் எளிமையானது. குழந்தையின் கண்மணி பெரியது, கண்ணின் லென்ஸ் தெளிவானது, அதனால் கூடுதல் வெளிச்சம் உள்ளே போகிறது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைப் படுக்கும் நேரத்துக்கு முன் ஒரு மணி நேரம் பளிச்சென்ற விளக்குப் பலகையில் விளையாட விட்டார்கள். மெலடோனின் கிட்டத்தட்ட 88 சதவீதம் குறைந்தது. விளக்கை அணைத்து 50 நிமிடம் ஆன பிறகும் பழைய நிலைக்கு வரவில்லை. அந்தப் பலகை போன் திரையை விட நன்றாகவே பிரகாசமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அதே குழு பிறகு மங்கலான வெளிச்சத்தில், 5 முதல் 40 லக்ஸ் வரை, சோதித்தபோதும் சராசரியாக 78 சதவீதம் குறைந்தது. லக்ஸ் என்பது வெளிச்சம் எவ்வளவு விழுகிறது என்பதன் அளவு. நம் வீட்டு ஹாலில் வெள்ளை எல்.இ.டி. டியூப் எரிந்தால் நூறு லக்ஸை எளிதில் எட்டிவிடும்.

அதனால் குற்றம் முழுவதையும் போன்மேல் போடுவதும் சரியில்லை. ராத்திரி பத்து மணி வரை நாம் எரியவிடும் வெள்ளை டியூப்லைட்டும் இதில் கூட்டாளி. போனில் கூடுதலாக இருப்பது இரண்டு. முகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அப்புறம், கீழே வைக்க மனம் வராது.

பதின்வயதில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. பருவமடையும்போது உடல் கடிகாரமே பின்னுக்குப் போகிறது. சிறு வயதில் ஒன்பது மணிக்குக் கண் சொக்கிய பிள்ளைக்கு இப்போது பதினொரு மணி ஆனாலும் தூக்கம் வராது. அது சோம்பலோ திமிரோ இல்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். ஏற்கெனவே தள்ளிப்போன கடிகாரத்தைத் திரை வெளிச்சம் இன்னும் தள்ளுகிறது. பள்ளி வேனோ காலை ஏழு மணிக்கே வாசலில் நிற்கிறது. நடுவில் நசுங்குவது தூக்கம்.

தூக்கம் குறைந்தால் என்னென்ன போகும்?

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, ராத்திரி பன்னிரண்டரைக்குப் போர்வைக்குள் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் அதன் உடம்பில் நடந்திருக்க வேண்டியதைப் பார்ப்போம்.

பத்து மணிக்குப் படுத்திருந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆழ்ந்த தூக்கம் வந்திருக்கும். நாளின் மிகப் பெரிய வளர்ச்சி ஹார்மோன் துடிப்பு அப்போதுதான் பிட்யூட்டரியிலிருந்து கிளம்பும். இது 1968இலேயே அளந்து கண்ட உண்மை. பருவமடைதலின் முதல் சமிக்ஞையும் தூக்கத்தில்தான் தொடங்குகிறது. சினைப்பையையும் விதைப்பையையும் தூண்டும் எல்.எச். என்ற பிட்யூட்டரி ஹார்மோன், பருவத்தின் தொடக்கத்தில் இரவில் தூங்கும்போது மட்டும் துடிப்புகளாக உயரும். பிறகுதான் பகலுக்கும் பரவும்.

பசியும் இதில் மாட்டிக்கொள்கிறது. 2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவைத்தார்கள். வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. அவர்கள் தேடியது இனிப்பும் மாவுப் பண்டமும். நள்ளிரவில் பிரிட்ஜைத் திறக்கும் பிள்ளையைத் திட்டும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சுருக்கமாக: வெளிச்சம் மெலடோனினைத் தொடுகிறது, மெலடோனின் தூக்கத்தைத் தொடுகிறது, தூக்கம் வளர்ச்சி, பசி, மன அழுத்தம் ஆகியவற்றின் ஹார்மோன்களைத் தொடுகிறது.

அப்படியானால் சீக்கிரம் வயதுக்கு வருவது எதனால்?

பெண் குழந்தைகளின் பருவம் முன்னதாகத் தொடங்குவது உண்மைதான். கோபன்ஹேகனில் மார்பு வளர்ச்சி தொடங்கும் சராசரி வயது 1991இல் 10.88 ஆக இருந்தது, 2006இல் 9.86. பதினைந்து வருடத்தில் ஒரு வருடம் குறைந்திருக்கிறது. ஆனால் அந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். ஒன்பது வயதுக் குழந்தை கையில் ஸ்மார்ட்போன் என்ற பேச்சே இல்லாத காலம் அது. இன்னும் பின்னால் போனால், ஐரோப்பாவில் முதல் மாதவிடாய் வயது 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நூறு வருடத்தில் 16, 17இலிருந்து 13ஐ ஒட்டி இறங்கியது. அதில் பெரிய பங்கு சாப்பாட்டுக்கும் குறைந்துபோன நோய்களுக்கும்.

இன்று மருத்துவர்கள் முதலில் பார்ப்பது உடல் எடையை. கொழுப்புச் செல்கள்தான் லெப்டினைச் சுரக்கின்றன. உடம்பில் போதுமான சேமிப்பு இருக்கிறது, பருவம் தொடங்கலாம் என்று மூளைக்கு அனுமதி கொடுப்பதில் லெப்டினுக்குப் பங்கு உண்டு. அப்புறம் மரபு: அம்மா எந்த வயதில் பெரியவளானார் என்பது. சில பிளாஸ்டிக் சேர்மங்கள் போன்ற, ஹார்மோனைப் போல நடிக்கும் ரசாயனங்களும் ஆய்வில் இருக்கின்றன.

2020 ஊரடங்கின்போது இத்தாலியிலும், பிறகு துருக்கி, இந்தியா உள்ளிட்ட நாடுகளிலும் முன்கூட்டியே பருவமடையும் சிறுமிகள் அதிகமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். அந்த நான்கைந்து மாதத்தில் டவர்கள் திடீரென்று முளைத்துவிடவில்லை. மாறியது குழந்தைகளின் எடை, ஓட்டம், தூக்கம், திரை நேரம், வீட்டுப் பதற்றம். எது எவ்வளவு பங்களித்தது என்று பிரிப்பதற்கான ஆய்வுகள் நடக்கின்றன. 2022இல் அங்காராவிலிருந்து வந்த ஓர் ஆய்வு உலகச் செய்தியானது: 18 பெண் எலிகளில், நீல ஒளி அதிக நேரம் பட்டவை முன்னதாகப் பருவமடைந்தன, மெலடோனினும் குறைந்திருந்தது. பதினெட்டே எலிகள் என்பதால் அதை மனிதக் குழந்தைகளுக்கு அப்படியே ஏற்றிச் சொல்லிவிட முடியாது. செய்தி பரவியபோது அது ‘செல்போன் கதிர்வீச்சு’ ஆகிவிட்டது என்பதுதான் எனக்கு வருத்தம். அந்தச் சோதனையில் செல்போனே கிடையாது, ரேடியோ அலையும் கிடையாது. இருந்தது நீல விளக்கு.

வீட்டில் என்ன செய்யலாம்?

போனுக்குப் படுக்கையறையில் இடம் வேண்டாம். இரவு எல்லோருடைய போனும், அப்பா அம்மாவுடையதும் சேர்த்து, ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். தலையணைக்கு அடியில் வைத்தால் ரேடியோ அலை பாயும் என்பதைவிட, கை அதைத் தேடும் என்பதே பெரிய காரணம். அலாரத்துக்குப் பழைய மேசைக் கடிகாரம் போதும்.

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெள்ளை டியூப்பை அணைத்துவிட்டு, மஞ்சள் வெளிச்சம் தரும் சிறு விளக்குக்கு மாறுங்கள். போனின் நைட் மோட் நீலத்தைக் குறைக்கும், ஆனால் பிரகாசத்தையும் குறைக்காவிட்டால் பலன் கொஞ்சம்தான். ரீல்ஸ் கொடுக்கும் பரபரப்பை அது குறைக்கவும் செய்யாது. காலையில் அரை மணி நேரம் வெயிலில் நிற்பது, விளையாடுவது உடல் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். பகலில் நல்ல வெளிச்சம் பெற்ற கண், இரவு வெளிச்சத்துக்கு அவ்வளவாக அசைந்துகொடுக்காது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016இல் சொன்னது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று சொல்லி இதை வெட்டுவதில் நான் உடன்படவில்லை. படித்தது நினைவில் பதிவதும் தூக்கத்தில்தான்.

ரேடியோ அலையைக் குறைக்க விரும்பினால் செலவில்லாத வழி இருக்கிறது: நீண்ட பேச்சுக்கு ஸ்பீக்கரோ இயர்போனோ, சிக்னல் இல்லாத இடத்தில் பேச்சைத் தள்ளிப்போடுவது. வைஃபையை இரவில் அணைப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை. மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் ரூட்டரின் அலை சர்வதேச வரம்பில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆனால் அணைத்தால் பிள்ளை யூடியூபை மூடிவிட்டுத் தூங்கும் என்றால் தாராளமாக அணையுங்கள்.

பெண் குழந்தைக்கு எட்டு வயதுக்கு முன் மார்பு வளர்ச்சியோ, பையனுக்கு ஒன்பது வயதுக்கு முன் பருவ மாற்றமோ தெரிந்தால், ‘போன்தான் காரணம்’ என்று போனைப் பிடுங்கி வைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடமோ, குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடமோ உடனே காட்டுங்கள். இடது கையை ஒரு எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள், எல்.எச். அளவைச் சோதிப்பார்கள், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். சில குழந்தைகளுக்கு ஒன்றும் செய்யாமல் கவனித்து வந்தாலே போதும். வேறு சிலருக்குப் பருவத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் ஊசி மாதம் ஒன்றோ, மூன்று மாதத்துக்கு ஒன்றோ போடுவார்கள். எலும்பு சீக்கிரம் முதிர்ந்துவிட்டால் உயரம் குறைந்துபோகும் என்பதால், சில மாதத் தாமதம்கூட அந்தக் குழந்தைக்கு நஷ்டம்.